பிரானனும் ஒகோரியும் மோதியிருந்தால்

ராயபுரம் லாந்தர் தெருவில் கபிரியேலுக்கு முதல் குத்து விழுந்தது ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, தசரதனின் சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டு, ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு அவன் உட்கார்ந்திருந்தபோது. குத்தியவர் யாரும் இல்லை. தசரதன் சற்றுத் தள்ளி நின்று பிளேடு மாற்றிக்கொண்டிருந்தான். பின்னால் பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற லாசர், இன்னொருவன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மணவாளன். இரண்டு பேரும் இடத்தைவிட்டு அசையவில்லை. வழக்கம்போலப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர்கள் பேசியது பிரானனைப் பற்றியும் ஒகோரியைப் பற்றியும். அன்றைய தேதியில் உலகத்தில் இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்கள் இருந்தார்கள். பிரானன் அயர்லாந்துக்காரன், ஏழடிக்கு இரண்டு விரல் குறைவு, அவன் இடது கையை நீட்டினால் எதிராளி பக்கத்துத் தெருவில் நின்றாலும் தொடும் என்பார் லாசர் வாத்தியார். ஒகோரி நைஜீரியாக்காரன், அவ்வளவு உயரமில்லை, ஆனால் கதவைப் போல அகலம், உள்ளே புகுந்து விலாவில் ஒன்று வைத்தால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் உட்கார இடம் தேடுவார்கள் என்பான் மணவாளன். இருவரும் இதுவரை தோற்றதில்லை, இருவரும் இதுவரை மோதியதும் இல்லை. இந்த வருடம் மோதுவார்கள், அடுத்த வருடம் மோதுவார்கள் என்று ஐந்து வருடமாகச் செய்தி வந்துகொண்டிருந்தது, ஐந்து வருடமாக லாந்தர் தெருவும் அந்தச் சண்டையைத் தன் வாயாலேயே நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உள்ள வரவே முடியாது மணவாளா. நம்மாளு இடது கைய இப்படி நீட்டுவான். மூக்கு மேல, டக்குனு ஒண்ணு" என்றார் லாசர்.

கபிரியேலின் தலை பின்னால் போய் நாற்காலியில் மோதித் திரும்பியது. மூக்கிலிருந்து ரத்தம் வந்து நுரையில் கலந்தது. தசரதன் தன் கையிலிருந்த பிளேடைத்தான் முதலில் பார்த்தான்.

"நீட்டட்டும் வாத்யாரே, நீட்டட்டும். அந்தக் கைக்குக் கீழயே குனிஞ்சி பூந்து வலது விலாவுல ஒண்ணு கொடுப்பான் ஒகோரி" என்றான் முன்னால் நடந்ததைக் கவனிக்காத மணவாளன், கபிரியேல் வெள்ளைத்துணிக்குள்ளேயே இரண்டாக மடங்கி மூச்சுக்குத் தவித்தான்.

கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிறவனுக்கு முன்னால் நடப்பதும் பின்னால் நடப்பதும் ஒரே நேரத்தில் தெரியும், அதனால் காரணத்தைக் கண்டுபிடித்தவன் தசரதன்தான். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே மாதிரி நடந்தபோது அவன் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "வாத்யாரே, நீங்க சொல்றது அண்ணன் மேல விழுது" என்றான். லாசர் நம்பாமல், "அப்போ பிரானன் இடது தோள்ல ஒண்ணு தட்டுவான்னு வச்சிக்க, லேசா" என்றார். கபிரியேல் இடது தோளைத் தேய்த்துக்கொண்டு, "லேசா இல்ல சார்" என்றான்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. இது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது, பிரானன் குத்து அதிகம் வலித்ததா ஒகோரி குத்து அதிகம் வலித்ததா என்றுதான் கேட்டார்கள். ஒகோரிதான் என்று கபிரியேல் சொன்னதும் மணவாளன் கூட்டத்தைப் பெருமையோடு ஒருமுறை சுற்றிப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கபிரியேல் அந்தத் தெருவின் ஒரே ஹெவிவெயிட். நாற்பத்தாறு வயது, நூற்றுப் பத்துக் கிலோ, துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் கயிறு வாங்கிக் கட்டுகிற வேலை. சிறுவயதில் லாசர் வாத்தியார்தான் அவனுக்குக் கிளவுஸ் மாட்டிவிட்டார். ஆனால் அவன் எடைக்கு இந்தப் பக்கத்தில் எதிராளியே கிடைக்கவில்லை. ஒல்லியும் குள்ளமுமாக எல்லா எடையிலும் பத்துப் பத்துப் பேர் நிற்பார்கள், ஹெவிவெயிட்டில் மட்டும் கபிரியேல் தனியாக மேடையேறுவான், நடுவர் மூன்று முறை எதிராளி பெயரைக் கூப்பிடுவார், யாரும் வரமாட்டார்கள், நடுவர் அவன் கையைத் தூக்கிக் காட்டுவார். நான்கு வருடம் அப்படியே மாநில சாம்பியனாக இருந்தான். வீட்டில் நான்கு கோப்பை இருக்கிறது. யாரும் அவனை அடித்ததில்லை, அவனும் யாரையும் அடித்ததில்லை.

அவன் மனைவி எஸ்தர் ஓட்டல் விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், நீராவி உருளையில் ஈர விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் பிடித்துவிடும் வேலையில் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சேதி தெரிந்த மறுநாளே அவள் சலூனுக்கு வந்து லாசர் வாத்தியாரிடம், "சார், உங்களுக்குப் பேச வேற எதுவுமே கிடைக்கலையா?" என்று கேட்டாள். லாசர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மணவாளன், "அண்ணி, சத்தியமா இனிமே இல்ல" என்றான். ஒரு நாள்தான் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஒகோரி புதிதாக ஒருவனை இரண்டாவது ரவுண்டிலேயே படுக்கவைத்துவிட்டான் என்ற செய்தி எல்லோருடைய போனிலும் வந்திருந்தது. யார் ஆரம்பித்தது என்று கடைசிவரை தெரியவில்லை, கோயில் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது, கபிரியேல் செருப்பைத் தேடிக் குனிந்தவன் குனிந்தபடியே விழுந்தான்.

எஸ்தர் அவனை அரக்கோணத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மூன்றாவது நாள் தங்கை போன் செய்து, "அக்கா, மாமாவுக்கு நாலு பத்துக்கு உதடு கிழிஞ்சிடிச்சி, சும்மா உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தாரு" என்றாள். எஸ்தர் நேரே சலூனுக்குப் போய் நாலு பத்துக்கு என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மணவாளன், "ஆறாவது ரவுண்டு, அண்ணி. ஒகோரியோட அப்பர்கட்" என்றான்.

தூரம் ஒரு பொருட்டே இல்லை என்றான பிறகு அவன் இங்கேயே இருப்பதுதான் நல்லது, பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளவாவது செய்யலாம் என்று தெரு முடிவெடுத்தது. கபிரியேல் திரும்பி வந்தான். தெரு அவனை நன்றாகவே பார்த்துக்கொண்டது, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றி வருகிறவர்கள் ஒரு பெட்டி ஐஸைச் சலூன் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தெருமுனை டாக்டர் முதலில் தவறி விழுந்த காயம் என்று சீட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு எழுதுவதை விட்டுவிட்டுத் தையல் போட்டுக்கொண்டே இன்றைக்கு யார் ஜெயித்தது என்று விசாரிக்க ஆரம்பித்தார். பங்குச் சாமியார் பூசையில் நோயாளிகளுக்காகவும் பயணிகளுக்காகவும் மன்றாடிய பின்பு, தூர தேசத்திலிருக்கும் இரண்டு சகோதரர்களுடைய கைகள் சாந்தமடைய வேண்டுமென்று மன்றாடினார். சலூன் வாசலில் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடுகள் வைத்தார்கள்: ஞாயிற்றுக்கிழமையும் தவக்காலத்திலும் பேச்சு கிடையாது, வாரத்துக்குப் பன்னிரண்டு ரவுண்டுக்கு மேல் போகக் கூடாது, நாக் அவுட் சொல்லக் கூடாது, புள்ளி வித்தியாசத்தில்தான் ஜெயிக்க வேண்டும், லெவ்சென் என்கிற மூன்றாவது ஆட்டக்காரனின் பேச்சையே எடுக்கக் கூடாது, ஏனென்றால் அவன் பெல்ட்டுக்குக் கீழே அடிக்கிறவன். எல்லோரும் கை தூக்கினார்கள். கபிரியேலும் தூக்கினான்.

மெல்ல மெல்ல அது தெருவின் நேரங்காட்டியாகவே ஆகிவிட்டது. பகல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நான்கு மணிக்குச் சலூன் எதிரே கூடினார்கள், தசரதன் நாற்காலியை ஓரமாகத் தள்ளி இடம் விட்டான், லாசர் ஒரு பக்கமும் மணவாளன் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து பேச, நடுவில் கபிரியேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நின்றான். பிரானன் குத்தினாலும் அவன்மேல்தான் விழுந்தது, ஒகோரி குத்தினாலும் அவன்மேல்தான் விழுந்தது. அவன் கையிலிருந்து யார்மேலும் எதுவும் போய் விழவில்லை.

எஸ்தர் ஒருநாள் ஈரத் துணியால் அவன் புருவத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வீட்ல இருந்தாலும் விழத்தான் போவுது, சரி. ஆனா அங்க போயி எதுக்குய்யா நிக்கிற?"

"வீட்ல இருந்தா எப்ப வருதுன்னு தெரியல எஸ்தரு. அங்க இருந்தா காதுல வாங்கிட்டு ஒதுங்கலாம்ல."

"பொய் சொல்லாத."

கபிரியேல் நான்கு கோப்பைகளும் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு, "நாலு வருசம் மேடையில நின்னேன். பேரைக் கூப்புடுவாங்க, ஒருத்தனும் வர மாட்டான். எனக்குச் சண்டை தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியாது. இப்பதான் வராங்க எஸ்தரு. உலகத்துலயே பெரிய ஆளுங்க ரெண்டு பேரும் என்கிட்டதான் வராங்க" என்றான்.

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். கிழிந்த உதட்டோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான இந்த இருபது வருடத்தில் அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அவனுக்குச் சண்டை தெரிந்திருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாகப் போயிற்று. ஒரு சனிக்கிழமை லாசர் வாத்தியார் பிரானனின் இடது கையை வரிசையாகப் பதினோரு முறை நீட்டினார், பதினோரு முறையும் கபிரியேல் தலையை இரண்டு விரற்கடை நகர்த்தினான், பதினோரு குத்தும் காற்றோடு போனது, தெரு கைதட்டியது. லாசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் இவனுக்குச் சொல்லிக் குடுக்கல, இது இவனுதுதான்" என்றார். சந்தோஷத்தில் எல்லோருக்கும் பேச்சு வேகம் பிடித்தது, மணவாளனுக்குத் தன் ஆள் மட்டமாகிவிட்டானே என்று ரோஷம் வந்தது, "பக்கவாட்டுல இருந்து வரும் வாத்யாரே, பொட்டுல, பார்க்கவே முடியாது" என்றான் ஒரே மூச்சில். கபிரியேல் கீழே சாய்ந்தான். கூட்டம் தன்னையறியாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியது, எட்டு சொன்னபோது அவன் முழங்காலை ஊன்றி எழுந்தான். அன்றோடு இடது காது கேட்காமல் போய்விட்டது. மணவாளன் ஒரு வாரம் அவர்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான், எஸ்தர் டீ கொடுத்தால் வாங்கிக் குடித்தான், அழுதான், எட்டாவது நாள் சலூனுக்குப் போய்விட்டான்.

ஒருநாள் லாசர் வாத்தியார்தான் எஸ்தருக்கு ஒரு வழி சொன்னார். "ரெண்டு பேரும் நிஜமாவே மோதிட்டா முடிஞ்சுதும்மா. யார் ஜெயிச்சான்னு தெரிஞ்சுபோச்சின்னா அப்புறம் நாங்க பேச என்ன இருக்கு?"

அன்றிலிருந்து எஸ்தர் குத்துச்சண்டைச் செய்திகளைப் படிக்க ஆரம்பித்தாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் போனில் படித்தாள், விரிப்புகள் உருளைக்குள் போய் வருகிற இடைவெளியில் பழைய ஆட்டங்களைப் பார்த்தாள். பிரானனின் முழங்கை எப்போது தாழ்கிறது, ஒகோரி களைத்துப்போனால் எந்தக் காலை இழுக்கிறான், யாருடைய மேனேஜர் யாருடைய மேனேஜரோடு பேசுவதில்லை, எந்தத் தொலைக்காட்சி எவனோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. பிரானனின் இணையப் பக்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதினாள், கம்பெனி மேலாளர் அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தார்: ஐயா, என் கணவர் அடி வாங்குகிறார், தயவுசெய்து சீக்கிரம் சண்டை போடுங்கள். அதற்கு அறுபத்துமூன்று பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு ஆடி மாதத்தில் அறிவிப்பு வந்தது, டிசம்பரில் பாலைவன நகரம் ஒன்றில் இருவரும் மோதுகிறார்கள், கையெழுத்தாகிவிட்டது. எஸ்தர் கேசரி கிண்டித் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். தெருவே அவளுக்காகச் சந்தோஷப்பட்டது. ஆனால் நாள் நெருங்க நெருங்க யார் ஜெயிப்பார்கள் என்று பேசாமல் எப்படி இருக்க முடியும், கட்டுப்பாடுகள் எல்லாம் காற்றில் போயின, ஐஸ் பெட்டி இரண்டாயிற்று. டிசம்பருக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒகோரிக்குத் தோளில் தசை கிழிந்து ஆட்டம் தள்ளிப்போனது. மார்ச் என்றார்கள். மார்ச்சில் தொலைக்காட்சிக்காரர்களுக்குள் வழக்கு. செப்டம்பர் என்றார்கள். அதற்குள் கபிரியேலால் கயிறு பிடிக்க முடியவில்லை, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், சட்டைப் பொத்தானை எஸ்தர்தான் போட்டுவிட்டாள், அவன் பேச்சு வாய்க்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டது. செப்டம்பர் மூன்றாம் தேதி பிரானன் நான்கே வரியில் ஓர் அறிக்கை விட்டான். முதுகுவலி, குழந்தைகளோடு இருக்க விரும்புகிறான், இனி ஆடப்போவதில்லை.

அந்த ஒருநாள் லாந்தர் தெருவில் சத்தமே இல்லை. சலூனில் ரேடியோ மட்டும் பாடியது. கபிரியேல் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து காயமில்லாமல் ஒரு பகலைக் கழித்தான். மறுநாள் நாலு மணிக்கு லாசர் வாத்தியார் ஒரு பெருமூச்சு விட்டு, தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, "மோதியிருந்தா…" என்றார்.

சண்டை வரப்போகிறது என்கிற வரைக்கும் அதற்கு ஒரு முடிவு இருந்தது, இனி முடிவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. எஸ்தர் வேலைக்குப் போகவில்லை, சலூன் நடுவில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் திட்டவில்லை. "சார், மணவாளா, தசரதா, எல்லாரும் இருக்கீங்க. அவரு நேத்து என் பேரை மறந்துட்டாரு. ஒரு நிமிசம்தான், அப்புறம் ஞாபகம் வந்துடிச்சி. போதும் சார்" என்றாள்.

தெரு நிஜமாகவே நிறுத்தியது. லாசர் வாத்தியார் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தார், மணவாளன் தன் மகளின் தலையில் கைவைத்தான், தசரதன் சுவரில் ஒட்டியிருந்த அந்த இரண்டு ஆட்டக்காரர்களின் படங்களையும் கிழித்துப்போட்டான். பதினொரு நாள் லாந்தர் தெருவில் ஒருவர் வாயிலிருந்தும் அந்தப் பெயர்கள் வரவில்லை. பதினொரு நாளும் கபிரியேலுக்கு அடி விழுந்தது. எண்ணிக்கை குறையவுமில்லை, பலம் குறையவுமில்லை. பன்னிரண்டாம் நாள் காலை லாசர் வாத்தியார் வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான் வாயத் தொறக்கலம்மா. கர்த்தர் சாட்சியா தொறக்கல. ஆனா உள்ள ஓடுது. குளிக்கும்போது ஓடுது, ஜெபம் பண்ணும்போது ஓடுது. பிரானன் அந்தக் கையை நீட்டறான், ஒகோரி குனியறான். நிறுத்தணும்னு நெனைக்கிறேன், அதுக்குள்ள அவன் குனிஞ்சிடறான். நான் என்னம்மா பண்றது?"

எஸ்தர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவருக்கு எழுபத்திரண்டு வயது. "நீங்க வீட்டுக்குப் போங்க சார். வெயில்ல நிக்காதீங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மறுபடி வேலைக்குப் போனாள், போகாமல் எத்தனை நாள் இருக்க முடியும். நீராவி உருளை சுற்றிக்கொண்டிருந்தது. ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உதறி, நீட்டி, உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஒன்று போனதும் இன்னொன்று, அது போனதும் இன்னொன்று. வெள்ளை விரிப்பு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, லாசர் வாத்தியாரும் சரி மணவாளனும் சரி இத்தனை வருடத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. நாலாவது ரவுண்டுக்குப் பிறகு பிரானன் இடது கையைத் திரும்ப இழுக்கும்போது முழங்கை தாழும், தாழ்வது கண்ணிமைக்கிற நேரம்தான், அந்த நேரத்தில் ஒகோரி உள்ளே புகக் கூடாது, இருந்த இடத்திலேயே நின்று, வலது கையை மேலிருந்து தாடைக்கு இறக்க வேண்டும். அவ்வளவுதான், அதோடு ஆட்டம் முடிந்தது. எவ்வளவு சுலபம் என்று எஸ்தர் நினைத்தாள், நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

விரிப்பை விட்டுவிட்டு ஓடினாள். பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தாள், பாலத்துக்குக் கீழே நெரிசலில் இறங்கி நடந்தாள், நடக்கும்போது மனதில் வேறு எதையும் வரவிடாமலிருக்க வழியிலுள்ள கடைப் பெயர்ப்பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். வீட்டில் கபிரியேல் சமையலறை வாசற்படியில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண் தெளிவாக இருந்தது, பல மாதமாக இல்லாத தெளிவு.

அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"எஸ்தரு," என்றான் அவன், ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து, "இன்னிக்கி ஒண்ணு வந்திச்சி பாரு. இந்த மாதிரி ஒண்ணு வாங்குனதே இல்ல. வாத்தியாருது இல்ல, மணவாளனுதும் இல்ல. அவ்ளோ சுத்தம். யாரு அது?"

எஸ்தர் அவன் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

"தெரிஞ்சவங்கதானா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

கபிரியேல் கோணிய தாடையோடு சிரித்தான். பிறகு இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, கேட்கிற காதை அவள் பக்கம் சாய்த்து, "சரி, விழுந்தவன் எழுந்துட்டான்னு வச்சிக்க. அப்புறம்?" என்றான்.

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குள் ஒகோரி ஓரடி பின்னால் வைத்து, எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.